‘ஐயா வீடு’ குழுவில், கொத்தனாராக இருந்த எங்கள் ஐயாவின் (அப்பாவைப் பெற்றவர்) தலைத் திவசத்துக்கு முன் நாங்கள் எழுதிக்கொண்டவை

அப்பா | காலை 6:05
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவின் தலைத் திவசம் வருகிறது. அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சிடலாம் என்று அம்மாவும் நானும் பேசியிருக்கிறோம். ‘அன்பே உருவானவர், பண்பின் சிகரம்’ என்று எல்லா மலர்களிலும் வருகிற வரிகளை இதில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் எப்படி வேலை பார்த்தார், நம்மை எப்படி வளர்த்தார் என்பதை அவரவர் கண்ணால் கண்டபடி, முழு வாக்கியங்களாக, இங்கேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அச்சகத்தில் கொடுத்துவிடுகிறேன்.

பெரிய அத்தை | காலை 6:48
நல்ல காரியம், தம்பி. மூத்தவள் என்ற முறையில் நானே தொடங்குகிறேன். நம் பாட்டனார் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நகரத்தார் வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தவர். பர்மாத் தேக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தின் கடைசிப் பகுதி அது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்து, அங்கே கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்பிய பிறகு, செட்டிநாட்டில் புதிதாகப் பெரிய வீடு எழுப்புவது ஏறத்தாழ நின்றே போயிற்று. அப்பா கரண்டி பிடிக்கத் தொடங்கியபோது கிடைத்ததெல்லாம் பழுது பார்க்கும் வேலைதான். அதனால் ஒரு சுவரை எப்படி எழுப்புவது என்று கற்பதற்கு முன்பே, அது எங்கே ஊறுகிறது, எதனால் வெடிக்கிறது, எந்தப் பக்கத்து மழை அதை அரிக்கிறது என்பதை அவர் கற்றுவிட்டார். பிற்காலத்தில் அவர் கட்டிய வீடுகளில் ஒழுகல் என்ற பேச்சே எழாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பெரிய அத்தை | காலை 7:02
சுண்ணாம்புப் பூச்சு எப்படி நடக்கும் என்பதையும் பிள்ளைகளுக்காக எழுதிவிடுகிறேன்; இனிமேல் எழுத ஆள் இருக்காது. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊற வைத்து, மணலோடு சேர்த்து, மாடு கட்டிய செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் அதில் சேரும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு ஏறும். மேலே வர வர மணல் குறைந்து, கலவை நைசாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சுக்கு வெண்சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அதைப் பூசியபின் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். அப்பா தேய்க்கும்போது கன்னம் சுவரில் படுகிற அளவுக்குக் குனிந்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் ஓடுவதைப் பார்ப்பார். மேடோ பள்ளமோ இருந்தால் அந்த வெளிச்சத்தில் நிழல் விழும். சுவருக்குள் இருக்கிற ஈரம் பொடிப்பொடியாக வெளியே பூக்கும். அதை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்ப்பார். ஈரம் பூப்பது நிற்கிறவரை, எத்தனை நாளானாலும் அந்தச் சுவரை விட்டு அவர் நகரமாட்டார். நான் அவருக்குச் சோறு கொண்டு போன நாள்களில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் விரட்டுவார்.

தம்பி | காலை 7:20
அத்தை, முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள் என்பதை நான் கதை என்றே நினைத்திருந்தேன். ஐயா வீட்டில் முதல் அறை மட்டும் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கிறதே, அதற்கும் இந்தப் பூச்சுதான் காரணமா?

சித்தப்பா | காலை 7:41
பூச்சுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான காரணம் மேல்தளம். அந்த அறைக்குப் போட்டிருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, மரப்பலகையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். காரை அடிக்கிற வேலை பெண்களுடையது. வரிசையாக உட்கார்ந்து, பாட்டுக்கு ஒத்து எல்லோரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். இடையிடையே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிக்கப்படும். பலகை காரைக்குள் புதையாமல் தெறித்து எழும்பினால்தான் அடித்தது போதும் என்று அர்த்தம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டு, ‘அந்த ஓரத்தில் இன்னும் பச்சையாக இருக்கிறது’ என்று சொல்வாராம். தடிமனும் சுண்ணாம்பும் சேர்ந்து வெயிலைக் கீழே இறங்க விடுவதில்லை. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் அறைக்குள் விடும்; நீ படுக்கிற மாடி அறையில் அதை நீயே அனுபவித்திருப்பாய்.

அந்த உத்திரங்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமலோ பராமரிக்க முடியாமலோ பல பெரிய வீடுகள் இடிபட்டு, கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்த காலம் அது. தன் தகப்பனார் பூசிய சுவர்களையே பிரிக்கிற வேலைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இடிக்கிற வேலைக்கு அவர் போகவே இல்லை. வெளியே விலைக்கு வந்த உத்திரங்களில் தனக்கு வேண்டியவற்றை மட்டும் தவணை சொல்லி வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்.

சின்ன அத்தை | காலை 8:15
அண்ணன் உத்திரத்தைப் பற்றி எழுதியதும் எனக்கு நம் வீட்டின் தரைதான் நினைவுக்கு வருகிறது. கூடத்தில் இருக்கிற ஆத்தங்குடிக் கற்களில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் பூ பொருந்தாது. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்துக் கையாலேயே செய்கிற கற்கள் அவை. ஊருக்குத் தரை போடும்போது மிஞ்சுகிற இரண்டு கல்லையோ நான்கு கல்லையோ வீட்டுக்காரரிடம் கேட்டு, விலையைத் தன் கூலியில் கழிக்கச் சொல்லிவிட்டு அப்பா வாங்கி வருவார். சும்மா எடுத்துக்கொள் என்று சொன்னாலும் எடுத்ததில்லை. கூடம் நிறைகிற அளவு சேரும்வரை அவை திண்ணையில் அடுக்கியபடியே கிடந்தன. எந்தப் பூ எந்த ஊர் வீட்டுடையது என்று அம்மா இன்றும் விரலால் தொட்டுச் சொல்வார். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அம்மா துடைத்துத் துடைத்துத்தான் அந்தத் தரை இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது.

நம் வீடு ஒரே மூச்சில் கட்டப்பட்டதும் இல்லை. முதலில் ஓர் அறையும் தாழ்வாரமும். அக்கா பெரியவளானதும் அடுத்த அறை. பெரியண்ணன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, படிக்க இடம் வேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு மேடையும் ஒரு சிறிய சன்னலும். என் கல்யாணத்துக்கு முன்பு சமையற்கட்டு. ஊராருக்கு வீடு கட்டி முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நமக்குக் கட்டுவார். அம்மா சித்தாளாக நிற்பார். அதனால்தான் அந்த வீட்டில் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு காலத்துச் செங்கல்லாக இருக்கிறது.

அப்பா | காலை 8:50
அந்த மேடையில்தான் நான் படித்தேன். சன்னலின் உயரத்தைக் குறிப்பதற்கு முன், என்னைச் சம்மணமிட்டு உட்கார வைத்து, புத்தகத்தின் மேல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறதா என்று பார்த்து, நூல் பிடித்துக் கரிக்கோடு போட்டார்.

சித்தப்பா | காலை 9:30
நான் கட்டடப் பொறியியல் படித்ததற்கு அவரே காரணம். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு சுவர் வைத்தால் ஆயிரம் செங்கல்லுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் என்பதைப் பேருந்தில் போகும்போதே மனக்கணக்காகச் சொல்ல வைப்பார். நான் கல்லூரியில் அந்தக் கணக்கைக் கன அடியில் போட்டுப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது. செங்கல் இறங்கினால் லாரிக்காரர் தட்டிக் காட்டுகிற கல்லை அவர் பார்க்கமாட்டார். அடுக்கின் நடுவிலிருந்து இரண்டை உருவி, ஒன்றோடு ஒன்று மோதிக் கணீரென்று கேட்கிறதா என்று பார்ப்பார். பிறகு நகத்தால் கீறுவார். கோடு விழுந்தால் அந்த லோடு திரும்பிப் போகும். மணலைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தெளிய விட்டு, மேலே படிகிற வண்டலின் உயரத்தைப் பார்ப்பார்.

சிமென்ட் கட்டுப்பாடு இருந்த காலத்தை உங்களில் இளையவர்கள் அறியமாட்டீர்கள். வீடு கட்டுகிறவர் அனுமதிச் சீட்டுக்கு அலைந்து, சில மூட்டைகளை வாங்குவதற்குள் பருவம் மாறிவிடும். 1982இல் ஓரளவும் 1989இல் முழுவதும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. சிமென்ட் அருமையாக இருந்த அந்த ஆண்டுகளில், எங்கே சிமென்ட் அவசியம், எங்கே சுண்ணாம்பே போதும் என்று பகுத்துப் பார்த்துச் செலவிட்ட பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. மூட்டை தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், கீழே சிந்திய கலவையை அன்று மாலைக்குள் எங்காவது ஒரு படிக்கட்டின் அடியில் பயன்படுத்திவிடுவார். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுக் குழப்பிப் பூசுகிறவரை மட்டும் வேலையிலேயே வைத்துக்கொள்ளமாட்டார்.

தளம் போட்ட மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்புவார். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். அதில் குறைந்ததை நிரப்பிவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் போவேன். வெயில் ஏறிய பிறகு ஊற்றுகிற தண்ணீரைவிட வெயிலுக்கு முன் நிற்கிற தண்ணீர்தான் தளத்தைக் காப்பாற்றும் என்பார். சிமென்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்து நடக்கிற வேதிவினையால்தான் என்று பிற்பாடு நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது, மகிழ்ந்துபோய் அதைத் தன் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

மாமா | காலை 10:12
மாப்பிள்ளை என்ற முறையில் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். மாமா தம்முடைய ஆட்களை எப்படி வைத்திருந்தார் என்பது மலரில் கட்டாயம் இடம்பெற வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடும்போது சித்தாள் பெண்களுக்குத்தான் முதலில் கொடுப்பார். அவர்கள் கடைக்குப் போய் அரிசி வாங்கி, வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்பது அவர் சொல்கிற காரணம். பிறகு கையாள்கள், பிறகு கொத்தனார்கள், கடைசியில் தாம். கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1994இல் நலவாரியம் வந்தபோது, அதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவியும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, தம்மிடம் வேலை பார்த்த ஒவ்வொருவரையும் ஒரு நாள் கூலியைக் கொடுத்தே சிவகங்கைக்குப் பேருந்தில் கூட்டிப்போனார். படம் எடுக்க, மனு எழுத, கைநாட்டு வைக்க என்று எல்லாவற்றுக்கும் கூடவே நின்றார். ஆண்டுகள் கழித்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நாளைத் தம் கணக்கு நோட்டில் அவரவர் பெயருக்கு நேரே குறித்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் | காலை 10:30
மாமா, அந்த நோட்டு அப்பத்தாவின் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்களில் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவற்றில் பலவற்றுக்கு நேரே ‘வந்தது’ என்ற குறிப்பே இல்லை.

அப்பா | காலை 11:05
முன்பணத்தைப் பற்றி எழுதினாய், அதனால் இதையும் பதிவு செய்கிறேன். ஒரு கடை வளாகத்தின் தளம் போட்டு முடித்திருந்தோம். பதினெட்டடி அகலம். பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஏறுகிறது என்று, ஒரு வாரத்திலேயே எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார் உரிமையாளர். அப்பா பிரிக்க மறுத்தார். ‘கீழே கடை திறக்கிற நாள் உங்களுக்கு முக்கியம், அதற்குக் கீழே நடமாடப்போகிறவர்கள் எனக்கு முக்கியம்’ என்று சொல்லிவிட்டு, வேறு ஆளை வைத்துப் பிரிப்பதானால் அந்தப் பாவத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று வேலையிலிருந்தே விலகிக்கொண்டார். வரவேண்டிய பாக்கி வரவே இல்லை. ஆனால் அந்த வாரக் கூலிக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா | காலை 11:12
அண்ணே, அவர் பிடித்த பிடி சரியானது. கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 என்கிற இந்தியத் தர விதியும், நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 14 நாள்களாவது வைத்திருக்கச் சொல்கிறது. பதினெட்டடி என்றால் ஐந்தரை மீட்டர். அப்பா அந்த விதியைப் படித்தவர் அல்லர்.

சின்ன அத்தை | நண்பகல் 12:20
நீங்கள் எழுதியதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னதை எழுதுகிறேன்: ‘அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. நான்தான் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அதை அடகு வைத்து எல்லோருக்கும் சம்பளம் போட்டார். அடுத்த தைக்குள் மீட்டுக்கொண்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அவரே என் கழுத்தில் போட்டுவிட்டார். எந்தச் சம்பளமானாலும் கவரைப் பிரிக்காமல் என் கையில்தான் கொடுப்பார். பேருந்துக்கும் வெற்றிலைக்கும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.’

நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்து படுக்கையில் இருந்த காலத்தில், அப்பா வெளியூர் வேலைகள் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கஞ்சி வைத்து, அக்காவுக்கும் எனக்கும் தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சுண்ணாம்பும் சிமென்ட்டும் அரித்து அவருடைய விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். முடி அந்த வெடிப்பில் சிக்கி இழுக்கும். எங்களுக்கு வலிக்கக்கூடாது என்று முந்தின இரவே இரண்டு கைகளிலும் விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பார். காலையில் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார். நூல் பிடித்தது போல வகிடு எடுப்பார். பள்ளியில் என் வகிட்டைப் பார்த்து டீச்சர் யார் பின்னியது என்று கேட்டதும், எங்கள் அப்பா என்று நான் சொன்னதும் இன்றுவரை எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெரிய அத்தை | பிற்பகல் 1:40
வாசித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போட்டது நான்தான்.

சித்தப்பா | மாலை 4:05
மலரின் கடைசிப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடுகளை ஊர்வாரியாகப் பட்டியலிடலாமா? கோட்டையூர், புதுவயல், கண்டனூர், தேவகோட்டை என்று பிரித்து எழுதினால், அவருடைய உழைப்பின் அளவு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது அவசியம் என்று படுகிறது.

சின்ன அத்தை | மாலை 5:10
அம்மாவிடம் கேட்டேன். ‘வீட்டுக்காரர்களின் பெயர் அவரவர் வாசற்கல்லில் இருக்கிறது. நீங்கள் மலரில் போடுவதானால் கூட வேலை பார்த்தவர்களின் பெயரைப் போடுங்கள். அவர் தனியாக எந்தச் சுவரையும் வைக்கவில்லை’ என்கிறார்.

அப்பா | மாலை 5:32
அம்மா சொல்வதுபோலவே செய்வோம். தகரப் பெட்டியில் இருக்கிற நோட்டைப் பார்த்து எல்லாப் பெயரையும் எழுதுகிறேன். சிலர் மறைந்துவிட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளிடம் சரியான பெயரையும் முன்னெழுத்தையும் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாமா, பத்திரிகை கொடுக்க நீங்களும் என்னோடு வாருங்கள். அவர்களுக்கு உங்களை நன்றாகத் தெரியும். தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஊருக்கு வந்துவிடு. பழைய சித்தாள் அம்மாக்களில் இருவருக்கு நடக்க முடியாததால் கார் அனுப்ப வேண்டும். திவசத்தன்று முதல் பந்தியில் இவர்கள்தான் உட்காருவார்கள். உறவுக்காரர்களுக்கு இரண்டாவது பந்தி.